முந்நூற்றிருபது கிராம்

பத்தேகாலுக்கு வரவேண்டிய விமானம்
இன்னும் சென்னையிலேயே நின்றது.
பலாலியில் அதுவரை
வெயில் மட்டும்தான் இறங்கியிருந்தது.

ஆளுக்குப் பதினைந்து கிலோ.
இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
மூன்று மொழியில், சிரித்துக்கொண்டு.

பாசையூர் கொறற்றி அக்காவின் பெட்டி பதினெட்டரை.
"தங்கச்சி, ஒருக்கால் வடிவாப் பாருங்கோ,
உங்கட தராசு பொய் சொல்லுது."
திறந்தோம்.
பாரைக் கருவாடு மூன்று பொதி,
மிளகாய்த்தூள்,
அடியில் ஒரு இஸ்திரிப்பெட்டி.
"இது ஏனக்கா?"
"கலியாணவீடெல்லே. அங்கத்தையான் எப்பிடியோ, ஆர் கண்டது."
கருவாட்டை விட மனம் வரவில்லை.
இரண்டு பட்டுச்சேலையை உருவி
உடுத்திருந்ததற்கு மேல் சுற்றிக்கொண்டு
பெருத்துப்போய் உள்ளே நடந்தா.
ஆட்களை நிறுக்கச் சொல்லி
எங்கள் விதியில் இல்லை.

நீளப் பலகையோடு வந்த வெள்ளைக்காரப் பெடியன்
மணிக்கூட்டைப் பார்த்தான்.
"கடல் பக்கத்தில்தானே,
ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா?"
பக்கத்தில்தான்.
வேலி, முகாம், இன்னொரு வேலி, பிறகு கடல்.
மூன்று மொழியும் தெரிந்த நான்
சிரித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அக்கா சொன்னது முழுப்பொய்யுமில்லை.
ஒரு கிழமையாக
ஒன்றும் வைக்காதபோதும் தராசு
முந்நூற்றிருபது கிராம் காட்டியது.
இரத்மலானையிலிருந்து வந்த ருவன்
முழங்காலில் இருந்து தகட்டைக் கிளப்பினான்.
செம்மண்.
அரித்தெடுத்த மாவைப்போல,
மூலை முழுக்க.
"பெட்டிச் சில்லில் வருவது" என்றான் சிங்களத்தில்.
தூரிகையால் கூட்டிக் கடதாசியில் அள்ளி
சுற்றுமுற்றும் பார்த்தான்:
எங்கே கொட்ட?
உள்ளே பளிங்குத் தரை, வெளியே கொங்கிறீற்று,
அதற்கப்பால் புல்,
புல்லில் கால்வைக்க அனுமதியில்லை.
தாருங்கோ என்று வாங்கி மடித்துக்கொண்டேன்.
தராசு பூச்சியத்துக்கு வந்தது.
அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

தேத்தண்ணிக்கு வாசலுக்குப் போனபோது
காவல்காரர் பையைத் திறந்தார்.
"இதென்ன?"
"மண்."
"எங்கத்தைய மண்?"
"இங்கத்தைய மண்தான்."

அவருக்கு இது புதிது. பழைய ஆள், நல்ல ஆள்,
சட்டத்துக்குப் பயந்தவர்.
வெளியே போகும் பொருட்களின் கொப்பியை விரித்தார்.
திகதி எழுதினார்.
பொருள்: மண்.
நிறை கேட்டார், சொன்னேன்.
விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.
உரிமையாளர்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
பிறகு பேனையைத் திருப்பி
என்னிடம் நீட்டினார்.

எங்கள் இருவருக்கும் நல்ல காலம்,
அந்த நேரம் பார்த்து
வடக்கே கடற்பக்கமிருந்து இரைச்சல் கேட்டது.
அண்ணாந்தோம்.
சில்லுகள் ஓடுபாதையைத் தொட்டன.

மேசையில் கிடந்த பொட்டலம்
ஒருமுறை இலேசாக
அதிர்ந்து அடங்கியது.