பகாவ், மழை மாதம்

நாலு நாளாய்க் குலை வெட்டு இல்லை.
வெட்டாத நாளுக்குக் கூலி ஏது.

பூசணியைக் கொண்டுவந்தவன் ரொஃபிக்,
பின்வரிசை வீட்டுப் பங்களாதேஷ்காரன்.
சாக்கடை ஓரம் தானாய்க் காய்த்ததாம்.
தான் நனைந்து
அதை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தான்.

காம்போடு மூடி அறுத்தேன்,
கத்தி இரண்டு முறை சிக்கியது.
விதையை வழித்துச் செய்தித்தாளில் கொட்டினேன்.
ஆட்டுக்கறிதான் நினைத்திருந்தேன்;
நம் கடைக்கறி அவனுக்கு ஆகாது.
நெத்திலியை வறுத்து நொறுக்கி,
ஊறிய கடலைப்பருப்பு, நேற்றைய சோறு, சின்ன வெங்காயம்,
நகக்கண் அளவு பெலாச்சான்.
கறிவேப்பிலைக்கு மட்டும் கணக்கில்லை.

இட்லிச் சட்டி மூடவில்லை.
அலுமினிய வாளியைக் கவிழ்த்தேன்.
என் வீட்டுக்காரர், அவர் தம்பி குணாளன், ரொஃபிக்,
மூன்று பேரும் வாளியையே பார்த்திருந்தார்கள்.
அரிசிக்கடை பாக்கியை யாரும் எடுக்கவில்லை.

வெந்தபின் மூடி பொருந்தவில்லை.
குணாளன் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான்.
ரொஃபிக் அதை வாங்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு
காம்பு வரை தின்றான்.

தாளோடு ஒட்டிக்கிடக்கின்றன விதைகள்.
நாளைக்கு வெயில் என்கிறது ரேடியோ.
நேற்றும் அதையேதான் சொன்னது.