ஏழாம் கேள்வி

மல்லாவியில், கூட்டுறவுக் கடைக்குப் பின்னால்
தகரம் வேய்ந்த மண்டபம்.
மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி.
பிந்தினால் ஐம்பது ரூபா குற்றம்.
பால்மாப் பேணியின் மூடியில் கீறல் வெட்டி
மேசையில் வைத்திருக்கிறார்கள்.
நான் போனது நாலு பத்துக்கு.
கழகத்துக்கு நான் கொடுத்த முதற்காசு
சந்தா அல்ல.

படிவம் இரண்டு பக்கம்.
பெயர்: சூசைநாதர் எமில்டா.
தொழில்: அரிசி ஆலையில் நெல் நிறுப்பது.
குருதி வகை தெரியாது என்றேன்.
"பங்குனியில முகாம் இருக்கு,
தெரிய வரும்" என்றார் செயலாளர் கோணேசலிங்கம்.
முன்மொழிந்தவள் மருந்துக்கடை சதானந்தி.
வழிமொழிய இன்னொருவர் வேண்டும்.
எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
கடைசியில் கை தூக்கியவர் புவிராசா,
போன காலபோகத்தில் என் தராசைச் சந்தேகித்து
மூன்று மூடை திருப்பி நிறுக்க வைத்தவர்.
"மூண்டும் சரியாத்தான் இருந்தது" என்றார்,
இவ்வளவு நாள் கழித்து,
அதையும் என்னைப் பாராமல்.

ஏழாம் கேள்வியில் பேனை நின்றது.

முன்னர் ஏதேனும் அமைப்பில்
அங்கத்தவராக இருந்துள்ளீரா?
ஆம் எனில் காலம், வகித்த பதவி.

இதே கேள்வியை என்னிடம்
இரண்டு மொழியில், மூன்று நிறச் சட்டையில்
கேட்டிருக்கிறார்கள்.
கூடாரத்தில். கம்பிக்கு உள்ளே.
பிறகு என் வீட்டு விறாந்தையில்
நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி.

எதிர்வரிசையில் இரண்டு பேர்
தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள்.
அவர்கள் பேனையும் இங்கேதான் நின்றிருக்கும்.

கோணேசலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது வேறொண்டும் இல்லைத் தங்கச்சி.
மற்றக் கழகங்களில சந்தா கட்டாம
விட்டிட்டு வந்தனீங்களோ எண்டு கேக்குது.
கொழும்பில அடிச்ச படிவம்."

நான் எழுதினேன்:
மாதர் சங்கம். மூன்று வருடம். பொருளாளர்.
கேளாமலே கீழே ஒரு வரி சேர்த்தேன்:
கணக்குச் சரி.

உறுதிமொழி வாசித்தார்கள், எழுந்து நின்றேன்.
சட்டையில் குத்திய சின்னம் கொஞ்சம் சரிந்திருந்தது.
அன்பு, அர்ப்பணிப்பு என்று பெரிய சொற்கள்.
கதிரைகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த சனி, பாண்டியன்குளத்தில் கண் பரிசோதனை.
அறுபது கதிரை, பாடசாலை இரவல்.
லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி
கிடங்கு விழுந்த வீதியில்
மேலே ஒருவர் படுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.
புது அங்கத்தவர்தான் படுப்பது வழக்கமாம்.
படுத்தேன்.
கால்கள் எல்லாம் என் விலாவில்.

பதாகைக்கு மட்டும்
முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்திருந்தோம்.
பணம் அனுப்பிய கனடாக்காரரின் அப்பாவுடைய படம்
எந்த அளவில், எந்த மூலையில் என்று.
முதல் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டவள்
கச்சான் வறுத்து விற்கிற பாக்கியவதி.
சுவரில் மாட்டிய எழுத்து அட்டையை விட்டுவிட்டு
பதாகையை அண்ணாந்து பார்த்தாள்.
"பரிசோதனைக்கு மூண்டுசுழி போட்டிருக்கிறியள்,
ரெண்டு சுழியெல்லோ வரும்?"
நாற்பது அங்கத்தவர்
எண்பது கண்
ஒருவருக்கும் தெரியவில்லை.
கண் வைத்தியர் சிரித்த சிரிப்பில்
அடுத்த ஆளுக்குப் பிழையான வில்லையை மாட்டினார்.

பொழுதுபட, திருப்பி இறக்கியபோது
அதிபர் எண்ணினார். நானும் எண்ணினேன்.
எண்ணுவதும் நிறுப்பதும்தானே என் பிழைப்பு.
ஐம்பத்தொன்பது.

"ஆர் பொறுப்பு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு
'எனக்குத் தெரியாது' என்றே
பல வருடமாய்ச் சொல்லிப் பழகிய வாய்.

"நாங்கள்" என்றேன்.

கொப்பியில் எழுதி ஒப்பமிட்டேன்.
கதிரை ஒன்று, இரண்டாயிரம் ரூபா.
நாற்பது பேருக்குப் பங்கிட்டால்
ஆளுக்கு ஐம்பது.

அடுத்த இரண்டாம் ஞாயிறு
பேணிக்குள் என் பங்கைப் போட்டேன்.
மணி மூன்று ஐம்பத்தைந்து.
விசிறியை நான்தான் போட்டுவிட்டேன்.