இரண்டு மணிக்காரர்

கோப்பின் முதல் வரி என்னுடையது:
"இது தானாக உருவானது. கையால் திருத்தாதீர்கள்."
ஆறு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை,
ட்ரோண்ட்ஹெய்மில் மழை, காபி தீர்ந்திருந்தது.
யாரிடம் சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை.

வார்ப்புருவில் ஓட்டைகள் இருக்கும்,
இரண்டு @ குறிக்கு நடுவே ஒரு பெயர்:
@எச்சரிக்கை_அளவு@.
இரவு இரண்டு மணிக்கு நிரல் ஓடும்,
பெயர் எழுந்துகொள்ள, எண் வந்து உட்காரும்.
பதினேழு குளிர்கிடங்குக்குப் பதினேழு கோப்பு,
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
பழசின் மேல் புதுசு விழும்.
பழசில் என்ன இருந்தது என்று இயந்திரம் பார்க்காது.
பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு வட்டு நிரம்பி
ஓட்டம் பாதியில் நின்றது.
காலையில் போட்ஸ்ஃபியோர்டின் கோப்பைத் திறந்தேன்,
நேற்றையது, அழியாமல் கிடந்தது.
மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில்
மைனஸ் இருபது.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:

# மூன்றாம் கதவின் உணரி இரண்டு டிகிரி பொய் சொல்கிறது.
# இதை மாற்றுவது நாற்பத்தொன்றாம் முறை.
# தினமும் யார் அழிக்கிறீர்கள்?
# மீன் கெட்டால் நீங்கள் வந்து தின்பீர்களா?
# தூர்பியோர்க், காலை ஷிப்ட்

முந்தைய நாற்பதில் என்ன எழுதியிருப்பாள்?
முதலில் மரியாதையாகத்தான் கேட்டிருப்பாள்.
அந்த இரவுகள் எல்லாம் எங்கள் பதிவேட்டில் பச்சை:
வெற்றி. பிழை இல்லை. பதினோரு வினாடி.

போன் செய்தேன்.
பின்னால் கன்வேயர் சத்தம், யாரோ பெட்டி எறிகிறார்கள்.
"அழித்தது நான்தான்" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"இங்கே பந்தயம் கட்டியிருந்தோம்,
ஆளா, மெஷினா என்று.
நான் ஆள் என்றேன். ஜெயித்துவிட்டேனா?"
"தெரியவில்லை" என்றேன்,
மறைக்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை.

வார்ப்புருவில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன்:
@கதவு3_திருத்தம்@.
போட்ஸ்ஃபியோர்டுக்கு மைனஸ் இரண்டு.
மற்ற பதினாறுக்கும் பூஜ்யம்,
அவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.
போகிற போக்கில் முதல் வரியையும் மாற்றினேன்:
"திருத்துமுன் கூப்பிடுங்கள். ஐலெர்ட்,"
பக்கத்தில் என் எண்.

இரண்டு மணிக்கு அது
பதினேழு ஊருக்கும் போனது.

ஏழரைக்குப் பல் தேய்க்கும்போது போன் அடித்தது.
வார்டோவிலிருந்து ஒரு ஆண் குரல்,
வணக்கம்கூட இல்லை:
"இரண்டு மணிக்காரர் நீங்கள்தானா?"