ஒப்பமான கிடைத்தளம்

தரம் பத்து மாதிரி வினாத்தாளில்
மூன்றாம் கேள்வி இன்னும் வெறுமை.
நாலாம் குறுக்குத் தெருவில் மழை.
மர்ஜான் ஹாஜியாரின் பருப்புக் கடை வாசலில்
விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்து நிற்கிறேன்.

எதிரே நாட்டாமி சன்னாசியின் கைவண்டி.
ஐம்பது கிலோ வெங்காய மூட்டை ஆறு,
வண்டி ஓர் அறுபது.
இழுவையை நூற்றெண்பது நியூற்றன் என்று வைத்தேன்.
மீதியில்லாமல் வெட்டுப்பட வேண்டும்,
பிள்ளைகள் பாவம்.
விசையைத் திணிவால் வகுக்க
ஆர்முடுகல் அரை.

‘ஒப்பமான கிடைத்தளமொன்றில்
ஓய்விலிருந்து புறப்படும் ஒருவர்’
என்று தொடங்கினேன்.
ஓய்விலிருந்து.
விடிய நாலு மணிக்கு வந்த மனுசன்.

சரி, ஒரு நிமிடம் இப்படியே இழுத்தால்?
போட்டுப் பார்த்து எனக்கே சிரிப்பு.
மணிக்கு நூற்றெட்டுக் கிலோமீற்றரில்
புறக்கோட்டைக்குள் வெங்காயம் பறக்கும்.
தொள்ளாயிரம் மீற்றர் முடியுமுன்
துறைமுக மதில் வந்து மறிக்கும்.

உராய்வைப் புறக்கணிக்க என்று
இருபது வருடமாய் எழுதிவருகிறேன்.
காலையிலிருந்து அவர் இழுப்பதெல்லாம் அதைத்தான்.
பின்னத்தில் திணிவு கோட்டுக்குக் கீழே அடங்கியிருக்கும்;
இங்கே அது மேலே உட்கார்ந்து
சாக்கு சாக்காய் மழையைக் குடிக்கிறது.
மாறிலியாம்.

வடிகான் மூடியருகே இடது சில்லு இறங்கிற்று.
றப்பர் செருப்பு வழுக்குகிறது,
கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைக்கிறது.
விசை எவ்வளவோ தெரியாது;
ஆர்முடுகல் பூச்சியம்.
பின்னால் முச்சக்கர வண்டி ஹோன் அடிக்கிறது,
அதற்கும் பின்னால் ஒரு லொறி,
ஏதோ பூச்சியம் சத்தத்துக்கு நகரும் என்பதுபோல.

லொத்தர் விற்கும் பிரேமாவதி
சீட்டுத் தட்டைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு
திரும்பி நின்று
இடுப்பால் ஒரு மோது மோதினாள்.
‘தல்லு, தல்லு!’
தள்ளுகிறபோது இரண்டு பாஷைக்கும்
ஓரெழுத்துத்தான் வித்தியாசம்.

வண்டி கொஞ்சம் யோசித்தது.
ஏறிற்று.
இரண்டு வெங்காயம் உருண்டு வந்து
ஹாஜியாரின் படியில் நின்றன.
அவள் அவற்றைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டாள்,
கூலி கேட்காத விசைக்கு அது போதும் என்று.

‘ஒப்பமான’ என்ற சொல்லை வெட்டினேன்.
வெட்டிய பின் கேள்வி செய்ய முடியாததாகிவிட்டது.
பின்னாலிருந்து வந்த விசை எத்தனை நியூற்றன்?
எந்த அட்டவணையிலும் இல்லை.

மழை விடுகிறது.
விடைக்கு இடம் விட்டு,
புள்ளி போடாமல்,
நாலாம் கேள்விக்குப் போகிறேன்:
ஒளித்தெறிப்பு.
தெருவெல்லாம் தண்ணீர்.