அனுப்பினால்

ஊத்துக்குளி ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே ஓடும் ஓவர்லாக் மிஷின்கள்
என் நாற்காலிக் கால்வரை வந்து நடுங்குகின்றன.
மணி ஏழேகால். மான்செஸ்டரில் இன்னும் மதியம்.
கடுகு மஞ்சளில் மூன்று சாம்பிள் அனுப்பிப்
பதினோரு நாள்.
எந்த மஞ்சள் என்று அந்த அம்மாள் சொன்னால்தான்
சாயப்பட்டறையில் துணி நனையும்.

முதலில் எழுதினேன்: கேன் யூ.
ஏன், உன்னால் முடியாதா என்பதுபோல் இருந்தது. அழித்தேன்.
வில் யூ. சட்டைக் காலரைப் பிடிக்கிற சொல். அதையும்.
குட் யூ என்றதும்
வாக்கியம் ஓரடி தள்ளி நின்று கைகட்டிக்கொண்டது.

நாளை நடக்க வேண்டியதை
இறந்தகாலத்தில் கேட்பதுதான்
அவர்கள் ஊரில் மரியாதை.
நமக்கு மட்டும் என்ன?
"ஒரெட்டு வந்தீங்கன்னா" என்கிறோம்,
வராத ஆளை
வந்து உட்கார்ந்தவராகவே பாவித்து.

இஃப் யூ குட்: உங்களால் ஆகுமென்றால்.
இஃப் யூ வுட்: உங்களுக்கு மனசிருந்தால்.
கையைக் கேட்பதா, மனசைக் கேட்பதா?
இருபத்தெட்டாம் தேதி கன்டெய்னர் கிளம்ப வேண்டும்.
இன்னொன்றும் இருக்கிறது, இஃப் யூ ஹேட்:
அனுப்பியிருந்தீங்கன்னா.
ஒரு 'இருந்து' நடுவில் நுழைந்தால் போதும்,
வேண்டுகோள் வசவாகிவிடும்.
முதலாளி நாச்சிமுத்து போனில் பேசுவதெல்லாம்
அந்த ஒன்றில்தான்.

கதவருகே செக்கிங் துளசிமணி.
விரலில் மாட்டிய டிரிம்மரைக் கழற்றவில்லை.
"ஏனுங்க மேடம்,
நாளைக்கு மத்தியானத்துக்கு மேல விட்டீங்கன்னா..."

அவ்வளவுதான்.
விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரியா, பையன் பீஸா, வட்டிக்காரனா,
மிச்ச வாக்கியத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு
தரையைப் பார்த்து நிற்கிறாள்.
எடுப்பதும் எடுக்காததும் என் பாடு.

"பாக்கலாங்க" என்றேன்.
எங்கள் பக்கம் 'இல்லை'க்கு
இதைவிட மெத்தென்ற சொல் கிடையாது.
அவளுக்கும் தெரியும்.
"சரிங்க." போய்விட்டாள்.

அப்போது வந்தது பதில்,
நான் போன வாரம் கேட்டதற்கு.
வி வில் சீ வாட் வி கேன் டூ.
இரண்டு தரம் படித்தேன்.
மூன்றாம் தரம் வாய்விட்டுச் சொன்னபோது
பாக்கலாங்க என்றே வந்தது.

அந்த அம்மாளுக்கும்
யாராவது மேலே இருப்பார்கள்.

படியிறங்கினேன்.
டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பனியனின் உட்புறத்தைத்
திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நாளைக்கு ஒண்ணரைக்கெல்லாம் கிளம்பிக்கங்க."
குட் இல்லை, வுட் இல்லை, இருந்தால் இல்லை.
வெறும் கட்டளை.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்,
ஏதோ கண்டிஷன் பின்னால் வரும் என்று
கொஞ்ச நேரம் காத்தும் பார்த்தாள்.

மேலே திரையில்
இஃப் யூ-வுக்குப் பக்கத்தில்
அந்தச் சின்னக் கோடு
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.