சேதாரம்

நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
லாசல்காவ் வெங்காய மண்டியில்
பதினோரு வருடமாகக் கணக்கெழுதுகிறவன் நான்.
எண்ணாமல் எதன்மேலும் ஏறத் தெரியாது.

படி என்பது பேச்சுக்கு.
நிமிர்ந்து நிற்கும் பாறையில்
பாதிப் பாதம் கொள்ளும் பள்ளம்.
இரு பக்கமும் விரல் நுழைய ஒரு பொந்து.
எத்தனை பேர் பிடித்ததோ,
பொந்தின் உதடு வழுவழுத்துக் கிடந்தது
கோயில் உண்டியலின் வாய் போல.

நாற்பத்திரண்டில்
கக்கத்தின் வழியே கீழே பார்த்துத் தொலைத்தேன்.
அணைக்கட்டு ஒரு சில்லறைக் காசு.
நாங்கள் வந்த ஜீப் இருக்கவே இல்லை.
முழங்கால்
என்னிடம் சொல்லாமலே ஆடத் தொடங்கியது,
தையல் மிஷின் ஊசி மாதிரி.

கீழே வரிசை.
புனேயிலிருந்து வந்த முப்பது பேர்,
அடிவாரத்திலிருந்து கோஷம் போட்டு வந்தவர்கள்,
ஒவ்வொருவராக மௌனமானார்கள்.
மேலே இறங்கக் காத்திருந்தவன்
"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்றான்.
ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் விஷயம்.

என் குதிகாலுக்குக் கீழே ஒரு குரல்:
"சாஹேப், என் ஐஸ் உருகுது."

சகுணா பாங்ரே. பெயர் பிற்பாடுதான் தெரியும்.
இருபது வயதிருக்கலாம்.
யாருடைய பழைய பள்ளிச் சட்டையோ,
ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம்.
இடுப்பில் எலுமிச்சைப் பை,
முதுகில் சாக்கில் சுற்றிய
இரண்டு பனிக்கட்டிகள்.

பயப்படாதே என்று அவள் சொல்லவில்லை.
மேலே பார், மூச்சை இழு, என்று
மலையேறுகிறவர்களுக்கென்றே இருக்கிற
எந்த நல்வார்த்தையும் சொல்லவில்லை.
"பை காலியாத்தானே இருக்கு" என்று
ஒரு கையால் பொந்தைப் பிடித்தபடி
என் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள்.
கட்டியில் ஒன்றை உள்ளே திணித்தாள்.
"ராத்திரி மூணு மணிக்கு திரிம்பக்குல ஏத்தினது.
உங்க காலுக்காக எல்லாம் காத்திருக்காது."

முதுகுத்தண்டைக் கணுக்கணுவாக எண்ணிக்கொண்டு
குளிர் இறங்கியது.
நடுக்கத்துக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.
காரணம் கிடைத்த நடுக்கம்
அவ்வளவு மோசமில்லை.

நாற்பத்துமூன்று.
சொட்டு.
நாற்பத்துநான்கு.
"வழுக்குதுடா, எவன் தண்ணி விடறது?"
கீழிருந்து வசவு.
அவள் சிரித்தது
என் காலணிக்குக் கேட்டது.
அதற்கப்புறம் எண்ணவில்லை.
சொட்டும் சரக்கோடு
நின்று யோசிக்க முடியாது,
மண்டியில் மழைநாளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தலை குனிந்தால் மட்டும் விடும் வாசல்.
பக்கத்தில் செந்தூரம் அப்பிய கணபதி,
மூக்கும் முகமும் ஒன்றாகிப் போனவர்.
பிறகு காற்று.
தொப்பிகளைப் பறிக்கிற காற்று.

சகுணா கட்டியை வாங்கி
உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.
"கால் கிலோ குறையுது."

வெங்காயத்துக்கும் உண்டு இது.
மூட்டை ஏறும்போது ஓர் எடை, இறங்கும்போது ஓர் எடை.
நடுவில் காய்ந்து போனதைச்
சேதாரம் என்று சிவப்பு மையில் எழுதி
விளைவித்தவன் தலையில் கட்டிவிடுவோம்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.
மேட்டுக் காட்டுக்காரர் ஒருவர்
அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு
வெகுநேரம் நின்றிருக்கிறார்.
"என்ன ஆச்சு, நகருங்க" என்றேன் அவரிடம்.

சகுணாவிடம் சிவப்பு மை இல்லை.
கட்டியை உடைத்து, பிழிந்து, உப்புப் போட்டுக் கலக்கி
"இருபது ரூபாய்" என்றாள்.
சுமந்தவன் என்று குறைக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
இரண்டு குடித்தேன்.
அந்தக் கால் கிலோவைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

இறங்கும்போது
பாறைக்கு முகம் காட்டிப்
பின்னோக்கித்தான் இறங்க வேண்டும்.
நாற்பத்திரண்டா ஐம்பதா, தெரியவில்லை,
மறுபடி கக்கத்தின் வழியே பார்த்தேன்.
ஒரு படிப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர்.
வெயில் இன்னும் எடுத்துக்கொள்ளாதது.
வயிறு நனைய ஒரு குளவி
அதில் குடித்துக்கொண்டிருந்தது.

மேலே யாரோ
"என்ன ஆச்சு?" என்றார்கள்.

அந்தப் படியை விட்டுவிட்டு
அடுத்ததற்குக் காலை நீட்டினேன்.