பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்

வெள்ளைக்கல் சுரங்கம் மூடிக்கிடந்த வருசம்.
காற்றடித்தால் கருப்பூர் முழுக்க மாவு சலித்துவிட்டதுபோல் ஆகும்.
காயப்போட்ட சேலை, டீக்கடைக் கண்ணாடி, நாயின் முதுகு
எல்லாம் ஒரே நிறம்.
துப்பாக்கிச் சண்டைப் படம் எடுக்க ஏற்ற ஊர் என்பான்
பங்க்சர் கடை இதயத்துல்லா.
குதிரைதான் இல்லை.

குதிரை ஒரு வியாழக்கிழமை வந்தது.
ராஜ்தூத் வண்டி. சைலன்சர் ஓட்டை.
மேலே குப்புராஜ்,
பிவண்டித் தறியில் ஆறு வருசம் தேய்ந்த ஆள்.
தலையில் அகலமாய் ஒரு தொப்பி,
பின்னால் நூல் பிரிந்து தொங்கியது.
"செல்வராணி புருசன் வந்துட்டான்" என்றார்கள்.
நான் யார் என்று யாரும் சொல்லவில்லை.
மூன்று வருசமாய் அவள் வீட்டு கேஸ் சிலிண்டரைத்
தூக்கிவந்து மாட்டுகிறவன்
நான்தான்.

அன்றிரவு ஓடிப்போனேன்.
ஒளிக்க என்ன இருக்கிறது.
ஏற்காட்டுக்குக் கடைசி பஸ்,
ஏழாவது ஊசிவளைவில் வாந்தி,
ஒன்பதாவதில் இறங்கிக்கொண்டேன்.
கீழே சேலம் சிந்திய ஜவ்வரிசிபோல் மினுங்கியது.
காதலால் திரும்பினேன் என்று சொல்லலாம்.
போஸ்ட்மேன் மொபெட்டை
விடியக் கொடுப்பதாய் ஒத்துக்கொண்டிருந்தேன்,
கடைச் சாவி என் இடுப்பில்.
நடந்தே இறங்கினேன்.

மறுநாள் பன்னிரண்டு மணி.
தையல்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார்,
பாதிதான்,
பார்க்க வேண்டுமே.
அவனும் நானும் நின்றோம்.
இடையே முப்பதடி, ஒரு செத்த லாரி டயர்,
யார் வீட்டுக் கோழியோ ஒன்று.
என் கையில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்.
அவன் கை இடுப்புக்குப் போனது,
சீப்பை எடுத்துத் தலை வாரினான்.

அப்புறம் அவள் வந்தாள்.
கொலுசுப் பட்டறையிலிருந்து கோர்க்கக் கொடுத்த மணி
அரைக்கிலோ பையில்,
எட்டுக்கு எட்டு அது சிரித்துக்கொண்டே வந்தது.
"ஏறு ராணி, பின்சீட்டு காலியாத்தான் இருக்கு."
அவள் வாய் திறக்குமுன் மகள் சுகிதா சொன்னாள்:
"ஆறு வருசமா அப்படித்தான இருந்துச்சு."
டீக்கடையில் யாரோ கைதட்டி
உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

செல்வராணி பையை மறுகைக்கு மாற்றினாள்.
"எனக்கு வேலை கெடக்குது" என்றாள்.
எங்கள் இருவரையும் பார்த்துத்தான்.

அவன் தொப்பியை அழுத்திக்கொண்டு உதைத்தான்.
வண்டி இருமியது.
உதைத்தான். உதைத்தான்.
பதினோராவது உதைக்குக் கோழிகூட நகர்ந்துபோனது.
வெற்றி எனக்கு, சும்மா நின்றிருக்கலாம்.
ஆனால் அந்தச் சத்தம்.
பிளக்கில் கரி, காதுள்ள எவனுக்கும் தெரியும்.
முப்பதடியை நடந்து கடந்து குனிந்தேன்.
சண்டைக்கு எடுத்த ஸ்பேனர் பிளக்குக்குச் சேராது.
"ஒரு நிமிசம்" என்று சொல்லி
கடைக்குப் போய் வேறு எடுத்துவந்தேன்.
ஊரே காத்திருந்தது,
அவனும் பெட்ரோல் டேங்க்கைத் துடைத்தபடி.

உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, ஓர் ஊது.
முதல் உதையிலேயே கிளம்பியது.
அவன் கியர் போட்டான், அவள் கை நீட்டினாள்.
"அறுபது ரூபா. குடுத்துட்டுப் போ."
ஐம்பதுதான் இருந்தது அவனிடம்.
மிச்சம் பத்துக்குத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான்.
வெள்ளைப் புழுதிக்குள் வழுக்கைத் தலை ஒன்று
ஓமலூர் ரோடு பக்கம்
சின்னதாகிக்கொண்டே போனது.
பாவமாகத்தான் இருந்தது.

தொப்பியில் இப்போது வாஷர், நட்டு போட்டு வைத்திருக்கிறேன்.
பத்து ரூபாய்க்கு நஷ்டமில்லை.

இரவு சோறு போடும்போது
ரசத்தைக் கலக்கியபடியே கேட்டாள்,
"மலைல குளிரா?"
குனிந்துகொண்டு சொன்னேன்,
"ஒன்பதாவது வளைவு வரைக்கும்தான் தெரியும்."